கூட்டினால் 99.9: அட்டவணையில் எண்களை ரவுண்டு செய்வதும் காட்டுவதும்

2019-இல் மூன்றாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இன்றைய எல்லைகளுக்கு ஏற்பப் பிரித்தால் வேலூர் 16,14,242, ராணிப்பேட்டை 12,10,277, திருப்பத்தூர் 11,11,812. மொத்தம் 39,36,331. இதை லட்சக் கணக்கில், ஒரு தசம இடத்தோடு நிரல் எழுதிக் காட்டினால் 16.1, 12.1, 11.1 என்று வரும். அடியில் மொத்தம் 39.4 என்று வரும். மூன்றையும் கையால் கூட்டிப் பார்ப்பவருக்கு 39.3தான் கிடைக்கும். சதவீதமாகக் காட்டினாலும் இதே கதை: 41.0, 30.7, 28.2. கூட்டினால் 99.9.

கணக்கில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அட்டவணையைப் படிப்பவர் முதலில் சந்தேகப்படுவது கணக்கைத்தான். அந்தச் சந்தேகம் வராதபடி எண்களை எந்த இடத்தில், எந்த விதிப்படி ரவுண்டு செய்வது, எப்படிக் காட்டுவது என்பதே இங்கே பேச்சு. உதாரணங்கள் பெரும்பாலும் பைத்தான் மொழியும், அதில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகமும். எக்செல், ஜாவாஸ்கிரிப்ட் மொழி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஆகியவை மாறுபடும் இடங்களில் அவற்றையும் சொல்கிறோம். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம்.

மதிப்பு வேறு, தோற்றம் வேறு

ரவுண்டு செய்தால் எண்ணே மாறிவிடும். ஃபார்மேட் செய்தால் எண் அப்படியே இருக்கும், கண்ணுக்குத் தெரிவது மட்டும் மாறும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

ராணிப்பேட்டையின் 12.10277 லட்சத்தை ரவுண்டு கட்டளையால் இரண்டு தசமத்துக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது 12.1. கடைசிச் சுழியம் எண்ணுக்குள் தங்காது, எண்ணுக்கு 12.1-உம் 12.10-உம் ஒன்றே. பாண்டாஸ் திரையில் அச்சிடும்போது நெடுவரிசையை ஒழுங்குபடுத்தி 12.10 என்றே காட்டும். அதே அட்டவணையை சிஎஸ்வி கோப்பாக (கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எழுதினால் மேலே 16.14, கீழே 11.12, நடுவில் மட்டும் 12.1 என்று நிற்கும். கடைசிச் சுழியம் வேண்டுமென்றால் அது ஃபார்மேட்டின் வேலை: '.2எஃப்' என்ற குறியீடு எப்போதும் இரண்டு இடத்தை நிரப்பித் தரும்.

ஃபார்மேட் செய்த பிறகு கையில் இருப்பது எழுத்துச் சரம், எண் அல்ல. '9,50,000' என்ற சரத்தையும் '16,14,242' என்ற சரத்தையும் ஏறுவரிசையில் அடுக்கினால் பதினாறு லட்சம் முதலில் வரும். 1 என்ற எழுத்து 9-க்கு முன்னால் இருப்பதே காரணம். சரங்களின் நெடுவரிசையைக் கூட்டச் சொன்னால் பாண்டாஸ் அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி நீளமான ஒரு சரத்தைத் தரும். பிழைச் செய்தி வராது. அதனால் மூல நெடுவரிசையைத் தொடாதீர்கள். காட்சிக்குத் தனியாக ஒரு நகல் எடுங்கள், அல்லது டேட்டாஃபிரேமின் (பாண்டாஸின் அட்டவணை) 'ஸ்டைல்.ஃபார்மேட்' வசதியைப் பயன்படுத்துங்கள். அது உள்ளிருக்கும் எண்ணைத் தொடாமல் தோற்றத்தை மட்டும் மாற்றும்.

பாதி வந்தால் எந்தப் பக்கம்?

பள்ளியில் படித்தது: ஐந்தோ அதற்கு மேலோ என்றால் மேலே ஏற்று. பைத்தான் 3-இன் ரவுண்டு அப்படிச் செய்யாது. சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணை அருகிலிருக்கும் இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும். 0.5 என்றால் 0, 1.5 என்றால் 2, 2.5 என்றாலும் 2, 3.5 என்றால் 4. இதற்குக் காரணம் உண்டு. 0.5, 1.5, 2.5, 3.5 நான்கின் உண்மையான கூட்டுத்தொகை 8. எல்லாவற்றையும் மேலே ஏற்றினால் 1, 2, 3, 4 சேர்ந்து 10 ஆகிறது. இரட்டைக்குக் கொண்டுபோனால் 0, 2, 2, 4 சேர்ந்து 8. ஆயிரக்கணக்கான அளவீடுகளின் சராசரி எடுக்கும்போது எல்லாப் பாதிகளும் ஒரே பக்கம் சாய்வதை இது தடுக்கிறது. எண்களை ரவுண்டு செய்வதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 2 சொல்வதும் இதே இரட்டை விதிதான். தோல் சோதனைக்கூடம், நீர்ப் பரிசோதனை போன்ற இடங்களின் அட்டவணைக்கு இதைப் பின்பற்றலாம்.

எக்செலின் ரவுண்ட் சூத்திரம் பள்ளி விதியைப் பின்பற்றும். 2.5-ஐ 3 ஆக்கும், -2.5-ஐ -3 ஆக்கும். ஜாவாஸ்கிரிப்டின் 'மேத்.ரவுண்ட்' 2.5-ஐ 3 ஆக்கினாலும் -2.5-ஐ -2 ஆக்கும். போஸ்ட்கிரெஸில் 'நியூமெரிக்' வகை பள்ளி விதிப்படி நடக்கும். 'டபுள் பிரிசிஷன்' வகையோ பெரும்பாலான கணினிகளில் இரட்டை விதிப்படி நடக்கும். மேலும் எத்தனை தசமம் என்று சொல்லும் இரண்டு உள்ளீட்டு ரவுண்டு அங்கே நியூமெரிக்குக்கு மட்டுமே உண்டு. மற்றதை முதலில் நியூமெரிக்காக மாற்ற வேண்டும். கணக்காளரின் எக்செலும் நிரலரின் பைத்தானும் ஒரே தரவிலிருந்து ஒரு ரூபாய் வித்தியாசம் காட்டினால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இதற்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. 2.675 என்று நீங்கள் தட்டச்சு செய்வது கணினிக்குள் 2.675 ஆக இருக்காது. 64 பிட் இரும எண்ணில் அதைச் சரியாக எழுத முடியாது. உள்ளே இருப்பது 2.67499999999999982 என்று தொடங்கும் எண். அது பாதிக்குச் சற்றுக் கீழே. ஆகவே பைத்தானின் ரவுண்டு 2.67 தருகிறது, அது சரியே. ஆனால் பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பை, பாண்டாஸ் இரண்டின் ரவுண்டும் வேறு வழியில் போகின்றன: முதலில் நூறால் பெருக்கி, கிடைத்ததை முழு எண்ணாக்கி, மறுபடி நூறால் வகுக்கின்றன. பெருக்கும்போது அந்தச் சிறு குறை கரைந்து சரியாக 267.5 ஆகிவிடும், அதற்கு அருகிலுள்ள இரட்டை எண் 268, விடை 2.68. ஒரே மொழி, ஒரே எண், இரண்டு விடைகள். பெருக்கி வகுப்பதை நம்பிவிடவும் முடியாது: 1.005-ஐ நூறால் பெருக்கினால் 100.5 வராது, 100.49999999999999 வரும்.

ரூபாய், பைசா

பணம் இருக்கும் நெடுவரிசையில் மிதவைப் புள்ளி எண்ணே (மேலே பார்த்த 64 பிட் இரும எண்) வேண்டாம். பைசாவாக்கி முழு எண்ணாக வையுங்கள், அல்லது பைத்தானின் 'டெசிமல்' வகையைப் பயன்படுத்துங்கள்.

பைசாவாக்கும்போதே ஒரு குழி இருக்கிறது. 19.99-ஐ நூறால் பெருக்கினால் 1998.9999999999998 வரும். அதை 'இன்ட்' கட்டளையால் முழு எண்ணாக்கினால் 1998. இன்ட் ரவுண்டு செய்யாது, தசமத்தை வெட்டிப் போட்டுவிடும். ஒரு பைசா போய்விட்டது. பாண்டாஸின் 'அஸ்டைப்' மூலம் முழு எண்ணாக்குவதும் வெட்டுவதுதான். முதலில் ரவுண்டு, பிறகு இன்ட்.

டெசிமலுக்கு எண்ணை மேற்கோள் குறிக்குள், சரமாகக் கொடுக்க வேண்டும். '2.675' என்று சரமாகக் கொடுத்து, 'குவான்டைஸ்' கட்டளைக்கு '0.01' என்ற டெசிமலையும் 'ரவுண்ட்_ஹாஃப்_அப்' என்ற விதியையும் தந்தால் 2.68 வரும். மேற்கோள் இல்லாமல் கொடுத்தால் அந்த 2.67499 உள்ளே புகுந்து 2.67 ஆகிவிடும். விதியின் பெயரைச் சொல்லாமல் விட்டால் டெசிமலும் இரட்டை விதிக்கே போகும்.

எந்த விதி என்பதைச் சில இடங்களில் சட்டமே சொல்லிவிடுகிறது. 2017-ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-வது பிரிவின்படி வரித் தொகையை அருகிலுள்ள ரூபாய்க்கு ரவுண்டு செய்ய வேண்டும். 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த ரூபாய், குறைவென்றால் விட்டுவிட வேண்டும். 112 ரூபாய் 50 பைசாவைப் பைத்தானின் ரவுண்டுக்குக் கொடுத்தால் 112 தரும். சட்டம் கேட்பது 113. பைசா முழு எண்ணாக இருந்தால் வழி எளிது: 50-ஐக் கூட்டி, இரட்டைச் சாய்கோட்டால் (//, விடையைக் கீழ்நோக்கி முழு எண்ணாக்கும் வகுத்தல்) 100-ஆல் வகுக்க வேண்டும். 11250-உடன் 50 சேர்த்தால் 11300, வகுத்தால் 113. திருப்பித் தரும் தொகை மைனஸில் இருந்தால் இதே வழி -112 தந்துவிடும். குறியை எடுத்து வைத்துவிட்டு, கணக்கை முடித்து, மறுபடி குறியைப் போடுங்கள்.

பில்லில் ஒவ்வொரு பொருள் வரிசையிலும் வரியை ரவுண்டு செய்வதா, மொத்தத்தில் ஒருமுறை செய்வதா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். 33.30 ரூபாய்ப் பொருள் பத்து வரிசைகளில் இருக்கிறது, வரி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிசைக்கு 1.665, மேலே ஏற்றினால் 1.67, பத்துக்கு 16.70. மொத்தம் 333.00-க்கு ஒரே முறை போட்டால் 16.65. ஐந்து பைசா இடிக்கிறது. எதைத் தேர்ந்தாலும் நிரலிலும் எக்செலிலும் அச்சிடும் பில்லிலும் அதையே வைத்திருங்கள்.

கடைசியில், ஒரே ஒரு முறை

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பதனிட்ட தோலின் பரப்பைச் சதுர அடியிலும் சதுர டெசிமீட்டரிலும் எழுதுவார்கள். ஒரு சதுர அடி 9.290304 சதுர டெசிமீட்டர். ஒரு தோல் 23.40 சதுர அடி. அட்டவணையில் கால் அடிக்கு ரவுண்டு செய்து காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கால் பெருக்கினால் 93.6, ரவுண்டு செய்தால் 94, நான்கால் வகுத்தால் 23.50. அரைக்கும் காலுக்கும் இந்த வழி பாதுகாப்பானது, ஏனென்றால் 0.5-உம் 0.25-உம் இரும எண்ணில் சரியாக அடங்கும்.

இனி டெசிமீட்டர் நெடுவரிசை. மூல 23.40-ஐப் பெருக்கினால் 217.4. ரவுண்டு செய்த 23.50-ஐப் பெருக்கினால் 218.3. ஒரு தோலில் ஏறத்தாழ ஒரு சதுர டெசிமீட்டர் கூடிவிட்டது. இதே அளவுள்ள நூறு தோலில் அது பத்து சதுர அடி. ஒவ்வொரு நெடுவரிசையும் மூல அளவிலிருந்தே பிறக்க வேண்டும். ரவுண்டு செய்த ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிறப்பிக்கக் கூடாது.

படிப்படியாக ரவுண்டு செய்வதும் இதே தவறு. மே மாத வேலூரில் ஒரு வாரத்தின் சராசரி வெப்பநிலை 41.449 என்று வந்தால் ஒரு தசமத்துக்கு அது 41.4. ஆனால் தரவுத்தளத்தில் 41.45 என்று ஏற்கெனவே சுருக்கி வைத்திருந்தால், அடுத்து அறிக்கை எழுதுபவருக்கு 41.5 கிடைக்கலாம். ஐ.எஸ். 2 ஆவணமும் மிகத் துல்லியமான மதிப்பிலிருந்து ஒரே படியில் ரவுண்டு செய்யச் சொல்கிறது. சேமிக்கும்போது முழுத் துல்லியம், காட்டும்போது மட்டும் சுருக்கம்.

வரம்போடு ஒப்பிடும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அதிகபட்சம் 2.0 என்ற வரம்புக்கு 2.04 என்ற அளவு வந்தால் தேறியதா, இல்லையா? இந்தியத் தர ஆவணங்களின் முன்னுரையில் வழக்கமாக வரும் வாசகப்படி, முடிவை வரம்பில் உள்ள அதே இலக்கங்களுக்கு ரவுண்டு செய்துதான் ஒப்பிட வேண்டும், அப்படியானால் 2.0, தேறியது. வேறு ஒப்பந்தமோ விதியோ மூல மதிப்பையே கேட்கலாம். நிரல் எழுதுபவர் இதைத் தானாக முடிவு செய்யாமல் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த விதியை நிரலில் ஒரு குறிப்பாக எழுதி வைக்க வேண்டும்.

கூட்டுத்தொகை ஒட்டாதபோது

மறுபடி மூன்று மாவட்டங்களுக்கு வருவோம். துல்லியமான சதவீதங்கள் 41.0088, 30.7463, 28.2449. ஒரு தசமத்தில் 99.9. என்ன செய்யலாம்?

மொத்தத்தை மட்டும் மூலத்திலிருந்து போட்டு, 'ரவுண்டு செய்ததால் கூட்டுத்தொகை சற்று மாறலாம்' என்று அடிக்குறிப்பு எழுதுவது நேர்மையான வழி. ரவுண்டு செய்த எண்களைக் கூட்டி மொத்தமாக 39.3 என்று போடுவது தவறான வழி. உண்மையான மொத்தம் 39.36 லட்சம், அது 39.4-க்குத்தான் அருகில் இருக்கிறது.

இரண்டாவது வழி, தசம இடத்தை மாற்றிப் பார்ப்பது. பலர் இதை நினைப்பதே இல்லை. இரண்டு தசமத்தில் 41.01, 30.75, 28.24 சேர்ந்து சரியாக 100.00. முழு எண்ணில் 41, 31, 28 சேர்ந்தும் 100. லட்சக் கணக்கிலும் இரண்டு தசமத்தில் 16.14, 12.10, 11.12 சேர்ந்து 39.36 ஆகிறது. இந்த அட்டவணைக்கு ஒரு தசமம்தான் ஒத்துவரவில்லை.

மூன்றாவது, மீதம் பெரியதற்குக் கொடுக்கும் முறை. எல்லாவற்றையும் முதலில் கீழே வெட்டுங்கள்: 41.0, 30.7, 28.2. நூறுக்குக் குறைவது 0.1. வெட்டுப்பட்ட மீதங்கள் 0.0088, 0.0463, 0.0449. பெரிய மீதம் ராணிப்பேட்டைக்கு. ஆகவே அது 30.8 ஆகும். கூட்டினால் 100.0. ஆனால் 30.7463 என்ற எண்ணை 30.8 என்று எழுதியிருக்கிறோம், அதுவும் திருப்பத்தூரை 0.0014 வித்தியாசத்தில் முந்தியதற்காக. இடங்களையோ பணத்தையோ பங்கிடும்போது இந்த முறை அவசியம்; ஒரு ரூபாயும் மிச்சம் நிற்கக் கூடாது. வெறும் தகவல் அட்டவணையில் இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

லட்சத்துக்குக் கமா

பைத்தானின் ':,' குறியீடு 1,614,242 என்றுதான் தரும்; பாண்டாஸ் ஸ்டைலும் அப்படியே. நம் ஊர் வாசகருக்கு 16,14,242 வேண்டும். 'பேபல்' நூலகத்தின் 'ஃபார்மேட்_டெசிமல்' கட்டளைக்கு '#,##,##0.00' என்ற வடிவத்தையும் இந்திய ஆங்கில லொகேலையும் (மொழி, நாட்டு வழக்கைக் குறிக்கும் அமைப்பு) கொடுத்தால் வேலை முடியும். உலாவியில் 'இன்டல்.நம்பர்ஃபார்மேட்' அதே லொகேலோடு இதைச் செய்யும். குறைந்தபட்சத் தசம இடத்தையும் அதிகபட்சத்தையும் இரண்டு என்று சொல்லாவிட்டால் சில வரிகளில் 12.1, சிலவற்றில் 12.103 என்று கலந்து வரும்.

நூலகம் சேர்க்க முடியாத இடத்தில் நீங்களே எழுதலாம். குறியைப் பிரித்து வைத்து, எண்ணை வேண்டிய தசமத்துக்கு முதலில் ரவுண்டு செய்து, தசமப் பகுதியைத் தனியே எடுத்து, முழுப் பகுதியின் கடைசி மூன்று இலக்கங்களை வெட்டி, மீதியை வலமிருந்து இரண்டிரண்டாகப் பிரித்துக் கமாவால் கோர்க்க வேண்டும். ரவுண்டு முதலில் வருவது முக்கியம்: 99,999.996 இரண்டு தசமத்தில் 1,00,000.00 ஆகும், கமாவை முன்பே போட்டிருந்தால் இடம் தவறிவிடும். எழுதியதை 0, 999, 1000, 99999, 100000, 10000000, -1614242 ஆகியவற்றில் ஓட்டிப் பாருங்கள். வர வேண்டியவை 0, 999, 1,000, 99,999, 1,00,000, 1,00,00,000, -16,14,242.

எக்செலில் தனிப்பயன் வடிவமாக இதைக் கொடுக்கலாம்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

மைனஸ் எண்கள் மூன்றாவது பகுதிக்குப் போய் -1,614,242 என்று நிற்கும். நட்டமும் லாபமும் கலந்த நெடுவரிசைக்கு இது ஆகாது; விண்டோஸின் வட்டார அமைப்பில் இலக்கப் பிரிப்பை இந்திய முறைக்கு மாற்றிவிட்டுச் சாதாரண '#,##0' போடுவதே மேல்.

தமிழ்ப் பெயரும் எண்ணும் பக்கத்தில்

கருப்புத் திரையில் அட்டவணை அச்சிடும்போது பெயருக்கு 15 இடம் என்று ஒதுக்குவது வழக்கம். தமிழில் அது சாயும். 'வேலூர்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தான் எண்ணுவது ஆறு, ஏனென்றால் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். 'ராணிப்பேட்டை' ஆறு எழுத்து, பைத்தானுக்கு 12. 'திருப்பத்தூர்' ஏழு, பைத்தானுக்கு 13. எழுத்தைச் சரியாக எண்ணினாலும் போதாது. 'ணி' பிடிக்கும் அகலமும் 'ர்' பிடிக்கும் அகலமும் ஒன்றல்ல.

எளிய தீர்வு, எண் நெடுவரிசைகளை முன்னால் வைத்துப் பெயரைக் கடைசியில் வைப்பது. எண்கள் வலப்பக்கம் ஒட்டி நேராக நிற்கும், பெயர் எவ்வளவு நீண்டாலும் எதையும் தள்ளாது. வலைப்பக்கம் என்றால் அட்டவணைக் கட்டங்கள் பெயரைப் பார்த்துக்கொள்ளும். எண் கட்டங்களுக்கு வலச்சீரமைப்போடு 'ஃபான்ட்-வேரியன்ட்-நியூமெரிக்' பண்பில் 'டேபுலர்-நம்ஸ்' கொடுங்கள். எழுத்துருவில் அந்த வசதி இருந்தால் 1-உம் 8-உம் ஒரே அகலம் பிடித்து, தசமப் புள்ளிகள் ஒரே கோட்டில் இறங்கும்.

எண் போலத் தெரியும், எண் அல்ல

632001 வேலூரின் அஞ்சல் குறியீடு. நெடுவரிசையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பாண்டாஸ் முழு நெடுவரிசையையும் மிதவை எண்ணாக்கி 632001.0 என்று எழுதும். அஞ்சல் குறியீடு, ஆதார், வங்கிக் கணக்கு எண், கதவு எண் எல்லாவற்றையும் கோப்பைப் படிக்கும்போதே சரமாகப் படியுங்கள். எக்செலில் பொது வடிவத்தில் 12 இலக்க எண் அடுக்குக் குறியீட்டுக்கு (1.23E+11 போல) மாறிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதி இலக்கங்கள் சுழியமாகிவிடும், திரும்பக் கிடைக்காது. உண்மையிலேயே எண்ணிக்கையாக இருந்து, காலியும் இருந்தால் பெரிய 'ஐ' எழுத்தில் தொடங்கும் 'இன்ட்64' வகையைக் கேளுங்கள். அது காலியைத் தாங்கும்.

மழை அட்டவணையில் 0.04 மி.மீ. ஒரு தசமத்தில் 0.0 ஆகும். அளவே எடுக்காத நாளையும் 0.0 என்று போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். காலிக்கு ஒரு கோடு போடுங்கள். ஸ்டைல் ஃபார்மேட்டில் 'என்ஏ_ரெப்' என்ற உள்ளீடு அதற்குத்தான். வித்தியாசம் காட்டும் நெடுவரிசையில் -0.04 என்பது -0.0 என்று வந்து நிற்கும். ரவுண்டு செய்த பிறகு 0.0-ஐக் கூட்டினால் மைனஸ் போய்விடும்; பைத்தான் 3.11 முதல் ஃபார்மேட் குறியீட்டில் 'இஸட்' எழுத்தைச் சேர்த்தும் போக்கலாம்.

கோப்பாக அனுப்பும்போது

மனிதர் படிக்கும் கோப்பும் இன்னொரு நிரல் படிக்கும் கோப்பும் வேறு வேறாக இருக்கட்டும். நிரலுக்குப் போவதில் கமா, ரூபாய்க் குறி, 'லட்சம்' என்ற சொல் எதுவும் வேண்டாம். அலகை நெடுவரிசைத் தலைப்பில் எழுதினால் போதும். இடம் மிச்சப்படுத்த 'டூ_சிஎஸ்வி'யில் 'ஃப்ளோட்_ஃபார்மேட்' ஆக '%.2எஃப்' கொடுத்தால், அது மிதவை நெடுவரிசை அத்தனையையும் இரண்டு தசமத்துக்குச் சுருக்கிவிடும். அட்சரேகை, தீர்க்கரேகை நெடுவரிசை கூட இருந்தால் காட்பாடியில் இருந்த புள்ளி கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் நகர்ந்துவிடலாம். கமாவோடு வந்த கோப்பைப் படிக்க வேண்டியிருந்தால் 'ரீட்_சிஎஸ்வி'யில் 'தவுசண்ட்ஸ்' உள்ளீட்டுக்குக் கமாவைக் கொடுங்கள். 16,14,242 எண்ணாகவே வரும். படித்து முடித்ததும் நெடுவரிசைகளின் வகையை ஒருமுறை அச்சிட்டு, மூல மொத்தத்தோடு இந்த மொத்தத்தை ஒப்பிடுங்கள். இங்கே அது 39,36,331. ஒன்று குறைந்தாலும் எந்த வரியில் என்று தேடிப் பிடித்த பிறகே அனுப்புங்கள்.